யாரும் அருகில் இல்லாதபோது திறக்கப்பட்ட ரிசர்வ்: ஸ்கைடைவிங் ரிக்கை விமானத்தில் கொண்டுசெல்வது பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி நிகழ்வு. சொந்த ரிக்குடன் (ஹார்னஸ், மெயின் பாராசூட், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) விமானத்தில் பயணிக்கும் குதிப்பாளர்களுக்குத் திரும்பத் திரும்ப நேரும் தவறுகளை ஒரே பயணத்துக்குள் கோத்திருக்கிறோம். ஆளும் விமான நிலையமும் மாறலாம். தவறுகள் அடுக்கடுக்காக வரும் முறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

நடந்தது

உரிமம் பெற்ற ஒரு குதிப்பாளர் வேறு நாட்டிலுள்ள டிராப் ஸோனுக்கு, அதாவது பாராசூட் குதிப்பு மையத்துக்கு, கிளம்புகிறார். இரண்டு விமானங்கள், நடுவில் ஒரு மாற்றம். ரிக் மட்டும் சுமார் 11 கிலோ. அதை ஒரு பெரிய முதுகுப்பையில் போட்டு, அதன்மேல் ஜம்ப்சூட், ஹெல்மெட், கேமரா, சார்ஜர் வயர்கள், எடை கூட்டும் ஈயப் பட்டை எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார். பை 17 கிலோவைத் தொட்டுவிட்டது.

கவுன்ட்டரில் எடை பார்க்கிறார்கள். கேபின் பைக்கு அந்த விமான நிறுவனத்தின் வரம்பு 8 கிலோ. வரிசை நீள்கிறது, விவாதிக்க நேரமில்லை. கேமரா பேட்டரிகளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு பையைச் செக்-இன்னில் கொடுத்துவிடுகிறார்.

மாற்று விமான நிலையத்தில் செக்-இன் பைகள் மறுபடியும் எக்ஸ்ரே பார்க்கப்படுகின்றன. திரையில் தெரிவது: ஒரு சிறு மின்னணுப் பெட்டி, அதனுள் பேட்டரி, அதிலிருந்து ஓடும் வயர், வயரின் முனையில் ஓர் உலோக உருளை, அதன் அருகே பெரிய சுருள் கம்பி. இவற்றின் பாதியை ஈயப் பட்டை கறுப்பாக மறைக்கிறது. மிச்சத்தின் குறுக்கே சார்ஜர் வயர்கள் ஓடுகின்றன. பை தனியே இழுக்கப்படுகிறது. உரிமையாளர் அப்போது அடுத்த விமானத்தின் வாயிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஊழியர் பையைத் திறக்கிறார். ஹார்னஸின் இடப்பக்கம் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டிருக்கிறது. இழுக்கிறார். ரிசர்வ் கன்டெய்னரின் மடல்கள் விரிந்து, சுருள் கம்பி வைத்த பைலட் சூட் (ரிசர்வை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்) எகிறி வெளியே விழுகிறது. அவர் எல்லாவற்றையும் உள்ளே திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, 'சோதிக்கப்பட்டது' என்ற சீட்டை வைத்து அனுப்பிவிடுகிறார்.

டிராப் ஸோனில் பையைத் திறந்தபோது, ரிசர்வை மடித்துச் சான்றளிக்கும் ரிகரின் முத்திரை நூல் அறுந்திருந்தது. ரிசர்வை மூடிப் பிடிக்கும் ஊசியான 'பின்', குளோசிங் லூப் என்ற துணி வளையத்திலிருந்து வெளியே வந்திருந்தது. பைலட் சூட்டை இணைக்கும் பட்டையான பிரைடில் ஜிப்பின் பற்களில் சிக்கியிருந்தது. ரிசர்வ் மடித்து வைக்கப்படும் ஃப்ரீ பேக் பாதி வெளியே கிடந்தது. அதன்மேல் கன்வேயரின் கறுப்புக் கிரீஸ். இனி அந்த ரிசர்வை ரிகர் ஒருவர் முழுவதும் பிரித்துப் பரிசோதித்து, மறுபடி மடித்து, முத்திரை வைக்காமல் குதிக்க முடியாது.

கைப்பிடி ஏன் அவ்வளவு லேசாக வந்தது

அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் தரத்தின்படி ரிசர்வ் ரிப்கார்டை (அந்தக் கைப்பிடியையும் அதன் கம்பியையும்) இழுக்கத் தேவைப்படும் விசை 22 பவுண்டை, அதாவது சுமார் 10 கிலோவை, மீறக் கூடாது. மெயின் கெட்டுப்போய்ச் சுழன்றுகொண்டிருக்கும் ஒருவர் ஒற்றைக் கையால் இழுத்தாலும் வந்துவிட வேண்டும் என்பதற்காக வைத்த வரம்பு. சோதனை மேசையில் நிற்கும் ஊழியருக்கு அது ஒரு சாதாரண இழுப்பு.

வலப்பக்கக் கைப்பிடி கட்-அவே, அதாவது கெட்டுப்போன மெயினைக் கழற்றிவிடுவதற்கானது. அதை இழுத்தால் மூன்று வளையப் பூட்டு விடுபட்டு மெயினை ஹார்னஸோடு இணைக்கும் ரைசர் பட்டைகள் கழன்றுவிடும். கன்டெய்னர் மூடியே இருப்பதால் ஊழியருக்கு எதுவும் நடந்ததாகத் தோன்றாது. ரிசர்வ் திறந்துகிடந்தால் யாருக்கும் தெரியும். கட்-அவே கேபிள் இரண்டு அங்குலம் நழுவியிருந்தால் தேடினால்தான் தெரியும். இந்த நிகழ்வில் அது இழுக்கப்படவில்லை. ஆனாலும், கண்ணெதிரே இல்லாமல் போய்வந்த எந்த ரிக்கிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது எங்கள் கருத்து.

திரையில் தெரிந்தது என்ன

அந்தப் பெட்டி, வயர், உருளை மூன்றும் சேர்ந்தது ஏஏடி, அதாவது தானியங்கித் திறப்புக் கருவி. ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த 'சைப்ரஸ்' பரவலாகத் தெரிந்தது. விஜில், எம்2 ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன. காற்றழுத்தத்தை அளந்து, குதிப்பவர் குறைந்த உயரத்திலும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், உருளைக்குள் இருக்கும் மிகச் சிறிய வெடிமருந்து ஒரு பிளேடைத் தள்ளி ரிசர்வின் குளோசிங் லூப்பை வெட்டிவிடும். பின்னை அது தொடுவதே இல்லை.

பேட்டரி, மின்சுற்று, வயர், மூடிய உலோகக் குழல் என்ற வரிசையைத் தேடிப் பிடிக்கத்தான் சோதனை ஊழியருக்குப் பயிற்சி தரப்படுகிறது. ஆகவே அவர் பையை நிறுத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இரண்டு இடத்தில் இருந்தது. அந்தப் படத்தைச் சுற்றி வேறு பொருள்கள் குவிந்திருந்தன. என்னவென்று சொல்ல ஆள் அருகில் இல்லை.

எக்ஸ்ரே, ஏஏடியைக் கெடுக்குமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பயணிகள் பைகளுக்கான எக்ஸ்ரே ஏஏடியையோ நைலானையோ பாதிப்பதில்லை. நைலானின் எதிரிகள் வேறு: வெயில், அமிலம், சூடு. சரக்கறையில் பக்கத்துப் பையிலிருந்து என்ன கசியும் என்று யாருக்கும் தெரியாது. செக்-இன்னில் போக நேர்ந்தால் ரிக்கைத் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பது அதனால்தான்.

விமானம் இறங்கும்போது ஏஏடி தானாக வெடித்துவிடுமோ என்ற பயமும் உண்டு. பயணிகள் விமானத்தின் கேபின் அழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படும். இறங்கும்போது அது நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் மாறும். அதாவது நொடிக்கு 2 மீட்டர் அளவு. சைப்ரஸின் அனுபவசாலிகளுக்கான வகை இயங்குவதற்கு நொடிக்கு 35 மீட்டர் வேகம் வேண்டும். மாணவர் வகைக்குக்கூட 13 மீட்டர். இடைவெளி பெரிது. ஆனாலும் கருவியை அணைத்தே கொண்டுபோக வேண்டும். லித்தியம் பேட்டரி கொண்ட சாதனம் செக்-இன்னில் போகும்போது முழுக்க அணைந்திருக்க வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் பொதுவிதி. தவிர, அணைந்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் சோதனை மேசையில் பாதிப் பேச்சு மிச்சம். முந்தைய நாள் குதித்துவிட்டு நேராக வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இயக்கினால் 14 மணி நேரத்தில் தானாக அணையும் என்பதை நம்பி விட்டுவிடாமல், திரை வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டே பையை மூடுங்கள்.

உண்மையான காரணம்: எடை

மேலோட்டமாகப் பார்த்தால் காரணம் பயிற்சி போதாத ஊழியர். எங்கள் கணிப்பில் இந்த நிகழ்வு முடிவானது கவுன்ட்டரின் எடைத்தட்டில். அங்கே ரிக்கும் அதன் உரிமையாளரும் பிரிந்தார்கள். பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பிரிவின் விளைவு.

விளையாட்டு ரிக்குகள் பெரும்பாலும் 9 முதல் 13 கிலோ வரை இருக்கும். கால் பட்டைகளை உள்ளே மடித்தால் பலவும் கேபின் பையின் அளவுக்குள் அடங்கிவிடும். எடை அடங்காது. 7 அல்லது 8 கிலோ வரம்பு வைத்திருக்கும் நிறுவனத்தில் வெறும் ரிக்கே அதிகம். இதைக் கவுன்ட்டரில் போய்த் தீர்க்க முயல்வது தாமதம். பயணச்சீட்டு எடுக்கும்போதே கேபின் எடையைப் பார்க்க வேண்டும். கூடுதல் கேபின் எடை விற்கிறார்களா, எடை பார்க்காமல் அளவு மட்டும் பார்க்கும் நிறுவனமா, இரண்டாவது விமானம் சிறிய ரகமா என்பவையே சீட்டின் விலையைவிட முக்கியமான கேள்விகள். இரண்டு விமானமும் ஒரே நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டாலும் இரண்டாவதை வேறொருவர் இயக்கலாம். அப்போது வரம்பும் மாறலாம். பாராசூட்டைக் கேபினில் ஏற்கிறோம் என்ற எழுத்துபூர்வமான பதிலை நிறுவனத்திடமிருந்து வாங்கி அச்சிட்டு வைத்தால் கவுன்ட்டரில் அது வாய்ப்பேச்சைவிட நிற்கும்.

ரிக்கை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் எடை பார்க்க மாட்டார்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். விமான நிலையத்தில் பாராசூட் மாட்டிய ஒருவர் மற்றப் பயணிகளுக்குப் பயத்தைத் தருவார். கைப்பிடிகளும் வெளியே தெரிந்து எதிலாவது மாட்டும்.

எதை எங்கே வைப்பது

கேபின் பையில் ரிக் மட்டும் இருக்கட்டும். அதற்கென்று மெல்லிய, எடையில்லாத பை போதும். வெளியே பெரிய எழுத்தில் எதுவும் அச்சிட வேண்டியதில்லை. கைப்பிடிகளை உட்புறமாகத் திருப்பி, மார்புப் பட்டையை மாட்டி, ஹார்னஸை முதுகுத் திண்டின்மேல் மடித்து, அகலமான ஒரு துணிப்பட்டையால் சுற்றிக் கட்டினால் தற்செயலாக எதுவும் இழுபடாது. ரிசர்வ் பின்னை மூடும் மடல்கள் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆவணங்கள் பையின் மேலேயே, ஒரு உறையில்: ரிசர்வ் மடித்த அட்டை, ஏஏடி தயாரிப்பாளர் தரும் எக்ஸ்ரே படமுள்ள அட்டை, நிறுவனத்தின் கடிதம், ரிக், கனோபிகள் (பாராசூட் துணிகள்), ஏஏடி ஆகியவற்றின் வரிசை எண்கள்.

ரிக்கில் மறந்துபோகும் பொருள் ஒன்று உண்டு: ஹூக் நைஃப், அதாவது சிக்கிய கயிற்றை வெட்டும் கொக்கிக் கத்தி. கால் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ சிறு உறைக்குள் மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கும். கேபினுக்குள் பிளேடு போகாது. அதைப் பிடித்த ஊழியர், ரிக் முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார் என்பதுதான் பெரிய நஷ்டம். கிளம்புவதற்கு முன் அதைக் கழற்றிச் செக்-இன் பைக்குள் போடுங்கள். கத்தரி, ரிகர் கருவிகள், ஈயப் பட்டை, ஹெல்மெட், ஜம்ப்சூட் எல்லாம் அதே பைக்குள். ஈயத்தை ரிக்கோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. எக்ஸ்ரே அதை ஊடுருவாது, ஊடுருவாத இடத்தைக் கையால்தான் திறந்து பார்ப்பார்கள்.

உதிரி லித்தியம் பேட்டரிகள் இதற்கு நேர்மாறு. அவை கேபினில் மட்டுமே. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஆக்‌ஷன் கேமரா, ஆடிபிள் ஆல்டிமீட்டர் (உயரத்தை ஒலியால் அறிவிக்கும் கருவி) ஆகியவற்றின் பேட்டரிகள் இந்த வரம்புக்கு மிகக் கீழே. முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி உறையில் வைத்தால் போதும். வாயிலில் கேபின் பையைப் பிடுங்கிச் சரக்கறைக்கு அனுப்பும் நிலை வந்தால் முதலில் இவற்றை உருவ வேண்டும். நமது பயணி அதைச் சரியாகவே செய்தார்.

நீருக்கருகே குதிப்பவர்கள் அணியும் ஊதுமிதவையில் கரியமில வாயுக் குப்பி இருக்கும். அது ஆபத்தான பொருள்கள் விதிக்குள் வருகிறது. விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும். காட்சிக் குதிப்புகளுக்கான புகைக்குப்பியைக் கேபினிலும் முடியாது, செக்-இன்னிலும் முடியாது. போய்ச் சேரும் இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இருவர் சேர்ந்து குதிக்கும் டேண்டம் ரிக்குகளுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அவற்றின் அளவும் எடையும் கேபினுக்கு அடங்காதவை. அவை செக்-இன்னில்தான் போகும், ஆகவே அடுத்து வருவது அவற்றைக் கொண்டுபோபவர்களுக்கு மிக முக்கியம்.

சோதனை மேசையில்

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ ரிக்குகளை, ஏஏடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேபினிலும் செக்-இன்னிலும் அனுமதிக்கிறது. அதன் அறிவுரையில் எங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான்: பாராசூட்டை மற்றப் பொருள்களிலிருந்து தனியாக வைக்க வேண்டும், பையைத் திறக்க நேர்ந்தால் பயணி அங்கே இருந்து உதவ வேண்டும், அவர் இல்லாவிட்டால் பாராசூட் விமானத்தில் ஏறாது, ஆகவே வழக்கமான நேரத்தைவிடக் குறைந்தது 30 நிமிடம் முன்னதாக வர வேண்டும். எந்த நாட்டிலும் இதையே நடைமுறையாக வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டுச் சோதனை ஊழியரை அந்த விதி கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அச்சிட்ட தாள் ஒன்றைக் காட்டும்போது, இது வழக்கத்தில் உள்ள பொருள்தான் என்ற எண்ணம் அவருக்கு வரும்.

பை கன்வேயரில் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "இது விளையாட்டுப் பாராசூட். உள்ளே மின்னணு உயிர்காப்புக் கருவி ஒன்று இருக்கிறது, அணைத்திருக்கிறேன்." இவ்வளவு போதும். வெடிமருந்து பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம். தயாரிப்பாளரின் அட்டையைக் காட்டி, உருளை எதற்கு என்று நேராகச் சொல்லுங்கள்.

பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனையில் சில நேரம் எச்சரிக்கை ஒலிக்கும். உருளை மூடியே இருப்பதால் காரணம் பெரும்பாலும் அதுவாக இருக்காது. உரம் போட்ட புல்வெளியில் இறங்கிய ஹார்னஸில் ஒட்டிய மண்ணில் நைட்ரேட் இருக்கலாம். கைக்குப் பூசிய கிளிசரின் களிம்பாகவும் இருக்கலாம். பயணத்துக்கு முன் ஹார்னஸையும் பையையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பது இதற்காக.

ஊழியர் திறந்தே ஆக வேண்டும் என்றால் மெயினைத் திறந்து காட்டலாம். உரிமையாளரே பின்னை எடுத்து, மெயினை மடித்து வைத்த டி-பேக் உறையை வெளியே வைத்து, மறுபடி மடித்துக்கொள்ளலாம். போவது அரைமணி நேரம். ரிசர்வைத் திறக்கச் சொன்னால் வேறு கோணத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கவும், துடைத்துப் பார்க்கவும், மேற்பார்வையாளரை அழைக்கவும் மரியாதையாகக் கேளுங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால், ரிக்கைப் பயணத்திலிருந்து விலக்கிக்கொள்வதும் ஒரு தேர்வுதான். திறப்பதே முடிவு என்றால் நீங்களே திறக்க வேண்டும், முகத்தை விலக்கி, பைலட் சூட்டின் தலைப்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, சுருள் மெல்ல விரிய விட்டு. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எகிறினால் முகத்தில்தான் அடிக்கும்.

செக்-இன்னில்தான் போகும் என்று தெரிந்தால் கவுன்ட்டரிலேயே பெரிய சாமான்கள் பிரிவுக்கு அழைத்துப்போகச் சொல்லி, சோதனை முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். மாற்று நிலையத்தில் இது முடியாது. அதற்குத்தான் பையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி, ரிசர்வ் கைப்பிடியின்மேலேயே ஒரு தாளைக் கட்டி வைப்பது: 'உயிர்காப்புப் பாராசூட். கைப்பிடிகளை இழுக்காதீர்கள். உள்ளே விசையுடன் சுருள் கம்பி உள்ளது, காயம் ஏற்படலாம். என்னை அழையுங்கள்.' பயண வழியிலுள்ள நாடுகளின் மொழிகளில், பறக்கும் நாளில் இயங்கும் தொலைபேசி எண்ணோடு. காயம் பற்றிய வரியை விடாதீர்கள். துணி கெட்டுவிடும் என்பதைவிட, தன் முகத்தில் அடிக்கும் என்பது ஊழியரின் கையைச் சட்டென நிறுத்தும்.

போய்ச் சேர்ந்ததும்

டிராப் ஸோனுக்குப் போவதற்கு முன், தங்குமிடத்திலேயே நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முத்திரையும் நூலும் முழுசாக இருக்கிறதா, ரிசர்வ் பின் லூப்பில் முழுதும் நுழைந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, கட்-அவே கேபிள்கள் இரண்டும் மூன்று வளையப் பூட்டுகளின் துணி லூப்புகள் வழியே போதிய நீளம் போகின்றனவா, ஆர்எஸ்எல் (மெயின் கழன்றதும் ரிசர்வைத் திறக்கும் பட்டை) கொக்கி மாட்டியிருக்கிறதா, ஏஏடியின் வயர் கசங்கியோ இழுபட்டோ இருக்கிறதா. நூல் அறுந்திருந்தால், மற்றதெல்லாம் சரியாகத் தெரிந்தாலும், ரிகரிடம்தான் போக வேண்டும்.

ஏஏடியை அங்கே இயக்கக் கூடாது. இயக்கும் இடத்தின் காற்றழுத்தத்தைத்தான் அது தரைமட்டமாக எடுத்துக்கொள்ளும். தங்குமிடம் மலையடிவாரத்திலும் டிராப் ஸோன் மேட்டிலும் இருந்தால் கணக்கு தப்பிவிடும். டிராப் ஸோனின் தரையில் நின்று இயக்கி, சுயசோதனை பூஜ்யத்தில் முடிவதைப் பார்க்க வேண்டும். கேபினில் கொண்டுவந்த இயந்திர ஆல்டிமீட்டர் வானில் சில ஆயிரம் அடியைக் காட்டியிருக்கும், அது பழுதல்ல. தரையில் மறுபடி பூஜ்யத்துக்குத் திருப்பினால் போதும்.

நமது பயணியின் ரிக்கில் ஏஏடி சுயசோதனையில் தேறியது. கிரீஸ் பட்டது ஃப்ரீ பேக்கில் மட்டும். ஜிப்பில் சிக்கிய பிரைடிலின் தையலை ரிகர் ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தார். லூப்பை மாற்றி, ரிசர்வை மறுபடி மடித்து முத்திரை வைத்தார். அதுவரை இரவல் ரிக்கில்தான் குதிப்பு.

இப்படி வெளிநாட்டில் மறுமடிப்பு நடந்தால் ஒரு கேள்வி மிஞ்சும். அமெரிக்காவில் செயற்கை இழை ரிசர்வுக்கு மடிப்புக் காலம் 180 நாள். மற்ற நாடுகளில் வேறு கணக்குகள் உண்டு. சில இடங்களில் ஓராண்டு. எந்த நாட்டின் சான்று பெற்ற ரிகர் கையெழுத்திட்டால் எங்கே செல்லும் என்பதும் மாறுகிறது. அமெரிக்க விதி, வெளிநாட்டுக் குதிப்பாளர் தம் சொந்த ரிக்கில் குதிக்கும்போது, ரிசர்வை அவருடைய நாட்டு விமானத்துறை ஏற்கும் ஒருவரோ அமெரிக்கச் சான்று பெற்ற ரிகரோ மடித்திருந்தால் போதும் என்கிறது. ஊர் திரும்பியபின் சொந்தக் கிளப் அந்தக் கையெழுத்தை ஏற்குமா என்பதைத் திரும்பும் விமானம் ஏறும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஏற்காவிட்டால் முதல் குதிப்புக்கு முன் இன்னொரு மறுமடிப்பு. அட்டையில் ரிகரின் பெயர், சான்று எண், முத்திரைக் குறி, தேதி நான்கும் தெளிவாக இருக்கிறதா என்று, ரிகர் அருகில் இருக்கும்போதே பார்த்து வாங்குங்கள்.